செங்கல் வைத்து அடைத்த சன்னல்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், ஆனால் இந்த முறை அதோடு நிறுத்த என்னால் முடியவில்லை. நீ செய்த காரியத்தால் பக்கத்து வீட்டு ரொட்டிக்கடை மாமா தன் படுக்கையறைச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். இதைப் போனில் சொன்னால் பார்த்துக்கலாம்மா, பேசிக்கலாம்மா என்று நீ என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போகாதவள் எழுதுகிற கடிதம்தானே என்று தள்ளிவைக்காதே, எழுத்துக் கூட்டி எழுதினாலும் சரியாகத்தான் எழுதுகிறேன்.

மேல்மாடி உன் பெயரில் இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் விடு. கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்கு மாணவர்கள் குடிவராமல் வேறு யார் வருவார்கள். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முன்பின் தெரியாத புரோக்கர் கையில் சாவியைக் கொடுத்தாயே. அவர் ஒவ்வொரு அறையிலும் நான்கு கட்டில் போட்டுப் பிள்ளைகளை அடைத்துவிட்டார், முகம் பழகுவதற்குள் அவர்கள் போய் வேறு பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். வெளிப்பக்கத்து இரும்புப் படி மாமாவின் சன்னலை உரசிக்கொண்டுதான் மேலே போகிறது என்பது உனக்குத் தெரியாதா. ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்று மாவோடு மல்லுக்கட்டிவிட்டு விடிந்தபிறகு வந்து படுக்கிற மனுஷர். அதற்காகத்தானே பகலில் யாராக இருந்தாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் படி ஏறினோம், சிலிண்டர்காரர்கூட முணுமுணுத்துக்கொண்டே கழற்றுவார். சின்ன வயசில் உன் பந்து படியில் உருண்டு விழுந்தபோது சத்தம் போட்டது பந்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றது நீ. இவ்வளவும் தெரிந்த நீ புரோக்கரிடம் சொல்லியனுப்பியது வாடகைத் தேதி மட்டும்தான். அந்தப் பிள்ளைகள் பகலெல்லாம் செருப்புக் காலோடு தடதடவென்று ஏறி இறங்கினார்கள்.

குடிவைத்தவன்தான் சொல்ல வேண்டும் என்று நான் அந்தப் புரோக்கரை விரட்டிக்கொண்டே இருந்தேன், ஆகட்டும்மா ஆகட்டும்மா என்றதோடு சரி. உன்னிடமும் சொன்னேன், காலேஜ் பசங்கன்னா அப்படித்தாம்மா இருப்பாங்க என்று சிரித்தாய். அப்புறம் ஒருநாள் மாமா அடுப்புக்கு முன்னாலேயே தூங்கி விழுந்து, பழுக்கக் காய்ந்த தட்டில் முன்கை முழுவதும் பொசுங்கிப்போய் வந்தார். அன்றைக்கு நானே மேலே ஏறினேன். எனக்கு ஜெயிலரம்மா என்று பேர் வைத்திருக்கிற கூட்டம், கதவைத் திறந்தவன் உள்ளே திரும்பி அந்தப் பேரையே சொல்லிக் கூப்பிட்டான், சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆன்ட்டி, அந்தச் சன்னல் பகல் பூராவும் சாத்தியே கிடந்துச்சு, யாருமில்லாத வீடுன்னுல்ல நெனச்சோம் என்றான் உயரமானவன். தினமும் காலையில் அவர் சுட்ட ரொட்டியைத்தான் வாங்கித் தின்றுவிட்டுக் கல்லூரிக்கு ஓடுகிறார்கள். எங்ககிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்னொருவன் கேட்டான். எதிர்வீட்டுத் தையல்காரர் படிக்க வந்த கழுதைங்க என்று இவர்கள் காதில் விழும்படியே சொல்கிறார், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொன்ன அன்றிலிருந்து பூனை மாதிரிதான் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் மாமா அதற்குள் கொத்தனாருக்குச் சொல்லிவிட்டிருந்தார். அப்பா ஓடிப்போய்ப் பேசிப் பார்த்தார். உங்க மேல கோவமெல்லாம் இல்ல மச்சான், நம்ம பையன் வீட்டைப் பத்தி நான் எப்படிக் குறை சொல்லுவேன், எனக்குத் தூக்கம் வேணும், அவ்வளவுதான் என்றாராம். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிற உன் அப்பா அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர் விளக்குப் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

அந்தச் சன்னல் வழியாகத்தானே நானும் மாமா வீட்டு அத்தையும் சாயங்காலமெல்லாம் பேசினோம். எனக்கு உடம்பு முடியாமல் கிடந்தபோது உன்னைப் படியில் உட்காரவைத்து, கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி உனக்கு ஊட்டியவள். இப்போது அந்த அறையில் வெளிச்சமும் கிடையாது காற்றும் கிடையாது, பகலிலேயே விளக்குப் போடுகிறாளாம், அதுவும் வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். ஏண்டி, வாடி, போடி என்று என்னை உரிமையோடு அதட்டுகிறவள் நேற்று கடை வாசலில் என்னைப் பார்த்து, நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் பையோடு அங்கேயே நின்றேன். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். புரோக்கரிடமிருந்து சாவியை நீ திரும்ப வாங்க வேண்டும். இருக்கிற பிள்ளைகளைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது, அவர்கள் அங்கேயே இருக்கட்டும், அடுத்து வருகிறவர்களுக்குப் படியைப் பற்றி அவர்கள்தான் சொல்லித்தர வேண்டும். புதிதாக யார் வந்தாலும் பெட்டியை மேலே ஏற்றுவதற்கு முன்னால் அப்பா அவர்களை மாமாவிடம் கூட்டிப்போய் முகம் காட்டவைக்க வேண்டும். கல்லூரிக்காரர்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதோடு கை கழுவாமல் இந்தத் தெருவுக்கு ஒருதடவையாவது வந்து எங்களிடம் பேச வேண்டும், அதற்கு நானே போய்க் கேட்பேன். தையல்காரர் வாயை அடக்க வேண்டும், அதையும் நானே சொல்வேன். நீ லீவு போட்டு வர வேண்டும். மாமா முன்னால் தனியாகப் போய் நிற்க வேண்டும், நான் கூட வர மாட்டேன். பரிசு எதுவும் வாங்கிப் போகாதே, காரணம் சொல்லாதே. சன்னலைத் திறங்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே, அது அவர் சுவர். நீ வரும்வரை போனை அப்பாதான் எடுப்பார்.

நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இரு. பகலில் வந்து இறங்கினால் வண்டியைத் தெருமுனையிலேயே அனுப்பிவிட்டு நடந்து வா.

மாறாத பாசத்துடன், ஆறாத மனசுடன்,
உன் அம்மா