ஓரத்தில் நின்ற தங்கை

ஞாயிறு, இரவு.

எழுத வேண்டியவை: 1. பேத்தியின் காதுகுத்துப் படத்தை வெட்டியது. 2. தங்கை செல்வி கேட்டது. 3. என் கோடுகளில் தவறில்லை என்பது.

படம் வெட்டும்போது கணினித் திரையில் வழிகாட்டிக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் போதாமல், எங்கள் வீட்டுப் படங்களுக்கென்று நானே அளந்து வேறு கோடுகள் அமைத்திருக்கிறேன். குழந்தை நடுவில் வர வேண்டும், இருபுறமும் சம இடைவெளி வேண்டும். அதன்படி வெட்டியதில் இடது ஓரத்தில் நின்ற செல்வி போய்விட்டாள். அதைத்தான் எல்லோருக்கும் அனுப்பினேன்.

இன்று சின்னாளப்பட்டியிலிருந்து வந்தவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்ணே, அன்னைக்கு நானும் வந்திருந்தேன்ல? படத்துல ஆளையே காணமே!"

"நீ ஓரமா நின்னுட்ட. கோட்டுக்குள்ள வரலம்மா."

"நடுவுல வந்து நிக்க எனக்கென்ன புருசனா இருக்காரு?"

அதன் பிறகு அவள் காபியைத் தொடவில்லை.

அவள் போனதும் இடது கோட்டை அவள் வரைக்கும் நகர்த்தி மறுபடி வெட்டினேன். குழந்தை நடுவில் இல்லை. ஆனாலும் படம் நன்றாகவே இருக்கிறது. இதை அனுப்பினால் கோபம் தீருமா, தெரியவில்லை.

மூன்றாவதாக எழுதியது தவறு. அந்தக் கோடுகளை அளந்தபோதே செல்வி எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரியும்.