நாற்பது நாள் நடை

அன்புள்ள அம்மாவுக்கு மகள் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா? நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

ஒரு வேடிக்கை கேள். தவக்காலத்துக்காக இங்கே கோயிலில் ஒரு போட்டி வைத்தார்கள். நாற்பது நாளும் தினம் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும். ஃபோனே எண்ணிக் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடும். அதில் உன் மகள்தான் முதல்! நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பதினான்கு காலடி, அங்கிருந்து பூட்டிய வாசல் கதவுக்கு ஒன்பது. ஃபோனை இடுப்பில் செருகி, ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்து தீர்த்துவிட்டேன்.

நேற்று ஃபாதர் ஃபோனில் கூப்பிட்டு, "எந்தப் பார்க்குலம்மா நடக்குற? மத்தவங்களையும் கூட்டிட்டுப் போயேன்" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். பரிசை ஞாயிறு பூசையில் நேரில் வாங்க வேண்டுமாம். வீட்டுக்கார அக்காவிடம் கேட்டேன். "நீ போயிட்டா அப்பாவ யாரு பாத்துக்கறது? பரிசு எங்க ஓடிடப்போகுது?" என்றவர், வழக்கம்போல வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தானே.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், வீட்டுக்குள் போடும் செருப்பு ஒரு ஜோடி கொடுத்துவிடு. இருந்தது தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. வெளியே போட்டுக்கொள்ள நீ வாங்கித் தந்த ஷூவுக்கு ஒரு குறையும் இல்லை, பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஷூவின் அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டுகூட இன்னும் கிழியவில்லை.

பெரியவர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உன் மகள்