டோக்கனோடு வாங்கிய கையெழுத்துகள்

அன்பு மகள் கலைமதிக்கு,

உன் அப்பா தமிழ்மணி எழுதுவது. ஸ்ரீரங்கத்தில் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்வதே இக்கடிதத்தின் நோக்கம். அன்று குரல் உயர்ந்துவிடுமோ என்று பயந்து ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் இன்னும் தணியவில்லை.

"விடுங்கப்பா, ஃபார்ம்ல யார் பேரு இருக்கோ அவங்களுக்குக் குடுத்துட்டா உங்க மேல தப்பு வராது" என்றாய். நாலாயிரம் பேருக்குச் சம்பளம் போடும் பிரிவில் இருக்கும் நீ இதைச் சொல்லலாமா? உனக்கு முழு விவரமும் தெரியாது, ஆகவே எழுதுகிறேன். எங்கள் துவாக்குடி ஃபேக்டரியில் தொழிலாளர்களின் பி.எஃப். பணத்தை அரசு அனுமதியோடு நாங்களே ஓர் அறக்கட்டளை வைத்து நிர்வகிக்கிறோம். நிர்வாகத்தின் சார்பில் மூவர், தொழிலாளர் சார்பில் மூவர், ஆக ஆறு டிரஸ்டிகள், அதில் நான் செயலாளர். வெல்டர் ஸ்டீபன்ராஜ் ஆடி மாதம் பைக் விபத்தில் இறந்துபோனார். அவர் கணக்கில் பதினொன்றரை லட்சம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கல்யாணமாகவில்லை, தாய் தகப்பனும் இல்லை, அதனால் நியமனப் படிவத்தில் அண்ணன் அற்புதசாமியின் பெயரை நாமினியாக எழுதினார். ஐந்து வருடத்துக்கு முன் டெல்பினைத் திருமணம் செய்துகொண்டார், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. குடும்பம் இல்லாத காலத்தில் எழுதிய நியமனம் குடும்பம் ஏற்பட்டதுமே செல்லாது. பணம் மனைவிக்கும் குழந்தைக்கும் சரிபாதி. விதியில் இதைவிடத் தெளிவான இடம் வேறில்லை.

ஆனால் யூனியன் தலைவரான அந்த அற்புதசாமியே தொழிலாளர் சார்பு டிரஸ்டிகளில் ஒருவர். தனக்குப் பணம் வழங்கும் தீர்மானத்தில் தானே முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! மற்ற நாலு பேரும் படிக்காமலேயே போட்டாயிற்று, என் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. கேட்டால், "சார், அவன் நான் தூக்கி வளத்த புள்ள, ஐடிஐ ஃபீஸு நான் கட்டுனது. கல்யாணத்தக்கூட என்கிட்ட கேக்காமப் பண்ணிக்கிட்டான். இது எங்க வீட்டு விஷயம், நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க" என்கிறார். வளர்த்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. அதற்காகப் பிறர் பணத்தைக் காக்க உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாமா? ஜெனரல் மேனேஜர் அவரையும் மிஞ்சிவிட்டார். "தமிழ்மணி, அற்புதசாமிய மொறச்சுக்கிட்டா நாளைக்கு ஷிஃப்ட் ஓடாது. நீங்க சட்டப் புஸ்தகத்த வச்சு வெல்டிங் பண்ணுவீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அதோடு ஓசூர் கிளையில் ஆள் தேவைப்படுவதாகவும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருடம் இருப்பது அவருக்குத் தெரியும்.

இவர்கள் கையில் வைத்திருக்கும் ஆதாரம் என்ன தெரியுமா? வருடா வருடம் ஏப்ரலில் 'நியமனத்தில் மாற்றம் இல்லை' என்று ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்திடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டீபன்ராஜ் அதில் ஐந்து முறை கையெழுத்திட்டிருக்கிறார், ஆகவே அண்ணனுக்கே கொடுக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்கிறார்கள். அந்தத் தாள் எங்கே நீட்டப்படுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேன்டீன் வரிசையில், சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் ஜன்னலில்! கையெழுத்துப் போட்டால்தான் டோக்கன். முப்பது நிமிட இடைவேளையில் பசியோடு நிற்பவன் எதைப் படிப்பான்? இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான். படிவம் கொடுத்தால் பாதிப் பேர் திருப்பித் தருவதில்லை என்று, எட்டு வருடத்துக்கு முன் நானே யோசித்துச் செய்தது. நூற்றுக்கு நூறு கையெழுத்து வந்தது, ஆடிட்டர் பாராட்டினார், நானும் பெருமைப்பட்டேன். 'நியமனங்கள் அனைத்தும் உறுப்பினரிடம் விசாரித்துச் சரிபார்க்கப்பட்டன' என்று ஒவ்வொரு வருடமும் சான்றளித்ததும் நானே. ஒருவரிடமும் நான் விசாரித்ததில்லை. விதி விதி என்று பேசும் எனக்கு இதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

நேற்று டெல்பின் அலுவலக வாசலுக்கு வந்திருந்தாள், குழந்தையை மன்னார்புரத்தில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு. பணத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. "சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல சார். அஞ்சு தடவ கேட்டும் அவரு என் பேர எழுத மாட்டேன்னுட்டாருன்னு ஃபேக்டரில சொல்றாங்களாம். அது நெசமா சார்?" என்று கேட்டாள். ஒருவரும் ஒரு தடவைகூட அவரைக் கேட்கவில்லையம்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "விசாரிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே வந்துவிட்டேன். என் மேல் தப்பு வராது என்று நீ ஆறுதல் சொன்னாயே, தப்பு வந்து பல வருடம் ஆகிவிட்டது கலைமதி.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சல் அனுப்பியிருக்கிறாள். நீங்கள் இருவரும் மனமொத்து, நோய்நொடி இல்லாமல் வாழ என் ஆசிகள். சென்ற தை மாதம் உங்களுக்குத் திருமணம் ஆயிற்று, உன் பி.எஃப். படிவத்தில் இன்னும் என் பெயர்தான் இருக்கும், மாப்பிள்ளை படிவத்தில் அவருடைய அம்மா பெயர் மட்டும் இருக்கும். இந்த வாரமே புதிதாக எழுதிக் கொடுத்து, ரசீதை எனக்கு அனுப்பு.

தீர்மானத்தில் நான் கையெழுத்திடப் போவதில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் என் கைப்பட எழுதி, எட்டு வருடமும் நான் கொடுத்த சான்று பொய் என்று அன்றே பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பேன். ஓசூருக்கு அனுப்பினாலும் சரி, வீட்டுக்கே அனுப்பினாலும் சரி. அதற்கு முன், நாளைக் காலையில் மன்னார்புரம் போய், அவள் புருஷன் அவளை மறுக்கவில்லை, டோக்கனுக்காக என் தாளில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான் என்று டெல்பினிடம் நேரில் சொல்லப்போகிறேன்.

உன் அப்பா,
சி. தமிழ்மணி