அரவிந்தின் போன்

ஐப்பசி கடைசி, புதன் இரவு

மடைத் தகராறில் அரிவாள் வெட்டுப்பட்டுச் செத்த அத்தை மகன் செல்வத்தை இன்று பாபநாசம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். கழுத்துத் தையலில் இன்னும் ரத்தம் கசிந்தது. அத்தை மாரில் அறைந்துகொண்டு கதறினாள். அரவிந்த் பக்கத்தில் நின்று போனை நீட்டிப் பிடித்திருந்தான்.

தஞ்சாவூரில் என்னோடு படிப்பவன். ஆசியப் பண்பாடும் சமூகமும் எங்கள் துணைப்பாடம். இந்த மாத ப்ராஜெக்ட் இறுதிச் சடங்குகள். ஒப்பாரி வீடியோ கிடைத்தால் நல்லது என்று போன வாரம்தான் சொன்னான்.

"எங்க வீட்டு எழவு உனக்கு மார்க்காடா?"

"இரு, சொல்றதக் கேளு..."

கேட்கவில்லை. அறைந்த அறையில் அவன் உதடு கிழிந்தது. கீழே விழுந்த போனைக் குதிகாலால் மிதித்தேன். நொறுங்கிய பிறகும் மிதித்தேன்.

அத்தை ஓடிவந்து என் காலைப் பிடித்தாள். "பாவி, ஏன்டி உடைச்ச? துபாய்லேர்ந்து உங்க மாமா பாத்துக்கிட்டிருந்தாருடி. நான்தான் அந்தப் புள்ளய வீடியோ கால்ல காட்டச் சொன்னேன்."

மறுபடி வெட்டுக்குத்து வருமென்று காவலுக்கு நின்ற போலீஸ் அவசரப்படுத்தியது. வேறு போனில் மாமாவைப் பிடிப்பதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள்.

மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் கடைசியாகப் பார்த்தது என் குதிகாலை.