சூடு தேடி வந்தது

12 அக்டோபர் 1964

மழை விட்டபாடில்லை. பிசிறு நூல் வெட்டக் கம்பெனியில் கொடுத்த பனியன் மூட்டை அடியில் நனைந்துவிட்டது. ஒவ்வொன்றாக அடுப்படிக் கொடியில் போட்டிருக்கிறேன். சாரதா அவற்றுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடுகிறாள்.

மத்தியானம் ஆற்றுப் பக்கம் வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். வானத்திலிருந்து ஏதோ சோளக் காட்டில் விழுந்ததாம். சாயப்பட்டறையிலிருந்து அவரும் கூட்டாளி மருதாசலமும் பார்க்கப் போயிருக்கிறார்கள். கரிக்கல் மாதிரி ஒன்று, மழையிலும் தொட்டால் சுட்டதாம். அடியில் நுங்குபோல் கொழகொழவென்று ஒட்டியிருந்ததாம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரமாயிற்று. "நு... நு..." என்று நின்றவருக்கு சாரதா, "நுங்காப்பா?" என்று எடுத்துக் கொடுத்தாள். சிரித்துவிட்டார். கம்பெனியில் யாராவது இப்படி எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

15 அக்டோபர்

அவருக்குக் காய்ச்சல். பின்கழுத்தில் புளியங்கொட்டை அளவு வீக்கம். பூச்சி கடித்திருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். பல்லடத்தில் மருதாசலமும் படுத்துக் கிடக்கிறாராம்.

19 அக்டோபர்

பேசிவிட்டார்!

காலையில் எழுந்து உட்கார்ந்து, "நல்லம்மா, தண்ணி சுட வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார். ஒரு திக்கல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என் பேரை அவர் முழுசாகச் சொன்னதே கிடையாது. முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும், "இந்தா புள்ள" என்றுதான் கூப்பிடுவார். மாமியார் அழுதுகொண்டே திருமுருகன்பூண்டிக் கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டார். முருகன் கண் திறந்துவிட்டான் என்கிறார். நானும் அழுதேன்.

ஆனால் என்னை எதற்கு 'ங்க' போட்டுப் பேசினார்?

27 அக்டோபர்

கம்பெனியில் அவருக்கு ஏக மரியாதை. சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்: "கந்தவேலு பேசுனா கேட்டுட்டே இருக்கலாமுங்க. சாயத் தொட்டிகிட்ட வெக்கை தாங்காம எல்லாரும் வெளிய ஓடுவாங்க, இவரு நகர மாட்டேங்கறாரு."

அதுதான். எப்போதும் சூடு வேண்டும். அடுப்பை ஒட்டியே உட்காருகிறார். கொதிக்கக் கொதிக்க ரசத்தைக் குடிக்கிறார். சாரதா மடியில் ஏறினால், அவளைத் தூக்கி ஒரு சாமானை நகர்த்துவதுபோல் பக்கத்தில் வைக்கிறார். கோபம் இல்லை. கோபமாவது இருக்கக் கூடாதா?

8 நவம்பர்

கேட்டுவிட்டேன்.

மாமியார் வெளியே போயிருந்தார். அவர் அடுப்பு முன்னால். நான் சும்மா, "நீங்க யாருங்க?" என்றேன். சிரித்துவிடுவார், என்னைப் பைத்தியம் என்பார் என்றுதான் நினைத்தேன்.

"நான் கந்தவேலு இல்லீங்க," என்றது. "எங்க எடம் ஆறிப்போச்சுங்க. சூடு தேடி வந்தமுங்க. நானும், மருதாசலத்துகிட்ட இருக்கறவரும். நீங்க பயப்பட வேண்டாமுங்க."

"எம் புருசன் எங்க?"

"உள்ளதான் இருக்கறாரு. நல்லாத்தான் இருக்கறாரு."

எழுத வரல. இதை ஆருகிட்டச் சொல்றது? சொன்னா பைத்தியம்னு என்னையில்ல பூண்டிக் கோயில்ல கொண்டுபோய்க் கட்டிப்போடுவாங்க.

12 நவம்பர்

இன்று கம்பெனியிலிருந்து வரும்போது நல்ல மழையில் மாட்டிக்கொண்டது. தொப்பலாக வந்து வாசலில் நின்றது. பல் கிட்டித்து, உதடு நீலமாகி, கண் மேலே செருகிற்று. அப்போது... அந்த வாய்தான்... "இ... இ... இந்தா பு..." என்றது.

அவர்! அவரேதான்!

நான் ஓடிப் பிடிப்பதற்குள் மாமியார் கரியடுப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார். சூடு ஏறியதும், "ஒண்ணுமில்லீங்க, நல்லம்மா," என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அது துண்டை வாங்கித் தலை துவட்டியது.

17 நவம்பர்

கழுத்து வீக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்திருக்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்து அதுவே சொன்னது. அதற்கு மறைக்கத் தெரியாது. மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இல்லை.

"இன்னொண்ணு பிரியப் போகுதுங்க. அமாவாசைக்குள்ள ஒரு ஒடம்பு வேணும். சின்ன ஒடம்பா இருந்தா அதுக்கு நல்லதுங்க."

சொல்லிவிட்டு வாசலில் தாயக்கரம் ஆடிக்கொண்டிருந்த சாரதாவைப் பார்த்தது. கெட்ட பார்வை இல்லை. சந்தையில் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

சாரதாவை என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தினசாமி அண்ணன் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர், பேயை நம்பாதவர். கடைசிவரை கேட்டார். பிறகு, "போன வாரம் மாப்பிள்ளைகிட்டப் பேசுனப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துது கண்ணு. என்ன பண்ணோணும், சொல்லு," என்றார்.

20 நவம்பர்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஐஸ் ரூமில் கட்டி ஏற்ற ஆள் பற்றவில்லை, ஒரு கை கொடுங்கள் என்று அண்ணன் கூப்பிட்டார். அவர் எப்போதும் போய் உதவுகிறவர்தான். அதனால் அதுவும் சந்தேகப்படாமல் கிளம்பியது, இரண்டு சட்டைக்கு மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டு. உள்ளே போனதும் கம்பளியைப் பிடுங்கிக்கொண்டு அண்ணன் வெளியே பாய்ந்தார். நான் தாழைப் போட்டேன். பட்டப்பகல். பக்கத்து ஷெட்டில் மிஷின் சத்தம், யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் அழகாகப் பேசியது. "நல்லம்மா, தப்புப் பண்றீங்க. நான் போனா அவரும் போயிருவாருங்க." கதவைத் தட்டவில்லை. கெஞ்சவும் இல்லை.

கொஞ்ச நேரம் போயிற்று. அப்புறம், "இ... இந்தா... பு... புள்ள... கு... குளுருது... தி... தி..."

அண்ணன் தாழில் கை வைத்துவிட்டார். "மாப்பிள்ளை நல்லம்மா! இது மாப்பிள்ளையேதான்!"

எனக்கு மட்டும் தெரியாதா அந்தக் குரல்? ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதுக்கும் தெரியுமே. வேண்டுமென்றே திக்கினால்? அவராகவே இருந்து நான் திறக்காமல் போனால்? அண்ணன் கையைத் தட்டிவிட்டுக் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். கதவு சில்லென்று முதுகில் ஏறியது. உள்ளே அந்தக் குரல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்து, தேய்ந்து, நின்றது.

திறந்தோம். குப்புறக் கிடந்தார். பின்கழுத்து கிழிந்து ரத்தம். பக்கத்து ஐஸ்கட்டிமேல் சுருங்கிப்போன ஜவ்வு ஒன்று, அதன் ஓரத்தில் குட்டியாக இன்னொன்று. அண்ணன் கொக்கியால் அடித்து அடித்துச் சாக்கடையில் தள்ளினார். நான் அவர் மூக்கில் விரலை வைத்தேன். மூச்சு இருந்தது.

22 நவம்பர்

ஆஸ்பத்திரி. கண் திறந்தார். "அ... அது எங்க?" என்றார். இனி வராது என்றேன்.

அழுதார். தன் அப்பா செத்தபோதுகூட இப்படி அழவில்லை.

1 டிசம்பர்

வீட்டுக்கு வந்தாயிற்று. சாரதாவும் வந்துவிட்டாள். அவர் பேசுவதில்லை. மாமியார் என்னோடு பேசுவதில்லை. மகன் திரும்பவும் திக்குகிறான் என்பதுதான் அவருக்குத் தெரியும்.

6 டிசம்பர்

இன்று சொன்னார். திக்கித் திக்கி, பாதியில் விட்டு, மறுபடி தொடங்கி.

"காலையில கேக்கும், இன்னைக்கு நான் பேசட்டுமான்னு. சரின்னுவேன். எங்கொரல நானே ரேடியோவுல கேக்கற மாதிரி. ஒருத்தனும் சிரிக்கல புள்ள. ஒருத்தனும் வாயையே பாத்துட்டு நிக்கல."

நான் நினைத்தது என்ன! அவர் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறார், நான் போய் அவிழ்க்கிறேன் என்றல்லவா நினைத்தேன்.

"சாரதாவை அது கேட்டுதே, அதுவும் உங்களுக்குக் கேட்டுதா?"

அப்படி எதுவும் இல்லை, நீயாகச் சொல்கிறாய் என்றார். அந்த நேரம் அவரை அது தூங்க வைத்திருக்கும் என்றேன். எழுந்து போய்விட்டார்.

13 டிசம்பர்

அவர் காலையில் பல்லடம் பஸ் ஏறினார். மருதாசலத்தைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். எதற்கென்று எனக்குத் தெரியும். அங்கே இன்னும் ஒன்று இருக்கிறது.

தடுக்கவில்லை. ஒரு தரம் கதவைச் சாத்தியாயிற்று, இன்னொரு தரம் என்னால் முடியாது. உலையை வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் நின்றேன்.

பொழுது சாயும் நேரம் வந்தார். தோளில் மருதாசலத்தின் மகள் மருதாள். கக்கத்தில் ஒரு துணிமூட்டையை இடுக்கிக்கொண்டிருந்தாள். நான் முதலில் செய்த காரியம், அந்தக் குழந்தையின் சடையைத் தூக்கிப் பின்கழுத்தைப் பார்த்தது. ஒன்றுமில்லை. அவர் கழுத்தையும் பார்த்தேன். ஆறின தழும்பு மட்டும்தான்.

மருதாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அதோடு பேசாமல், உள்ளே இருக்கும் மருதாசலத்தைக் கூப்பிட்டாராம். அவர்களுக்குள் மட்டும் தெரிந்த பழைய பேச்சையெல்லாம் சொல்லிப் பார்த்தாராம். "அ... அவன் இல்ல புள்ள. எல்லாத்துக்கும் சரி சரின்னு... அப்படியே க... கரைஞ்சு போயிட்டான்." அது குழந்தையைப் பார்த்த பார்வையையும் கண்டாராம். நான் சொன்னதை அங்கேதான் நம்பியிருக்கிறார்.

மருதாசலத்தின் மனைவி செல்லாத்தாளிடம், மகளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்றிருக்கிறார். மருதாசலம் குடித்துவிட்டு அவளை அடிக்காத நாள் இல்லை, அது எங்களுக்கும் தெரியும். அவள் சொன்னாளாம்: "எல்லாந் தெரியுமுங்கண்ணா. தெரிஞ்சுதான் இருக்கறேன். கை நீட்டாத புருசன் இப்பத்தான் கெடச்சிருக்குது. நான் வரலீங்க. இவள மட்டும் கூட்டிட்டுப் போயிருங்க." பஸ் நகரும்வரை குழந்தைக்குக் கை காட்டினாளாம்.

மருதாள் சாப்பிட மாட்டேன் என்றாள். சாரதா ஊட்டிவிட்டாள்.

20 டிசம்பர்

அவரும் அண்ணனும் பல்லடம் போய் வந்தார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. மருதாசலமும் செல்லாத்தாளும் பம்பாய் ரயில் ஏறிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அந்த வெயிலிலும் செல்லாத்தாள் கழுத்தைச் சுற்றி முந்தானையை இறுக்கிப் போர்த்தியிருந்தாளாம்.

குழந்தையிடம் என்ன சொல்வது?

7 ஜூன் 1965

மருதாளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவரும் வந்தார். பல்லடம் போய் வந்த பிறகு சாயப்பட்டறை தவிர வேறெங்கும் போகாமல் இருந்தவர், தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஹெட்மாஸ்டர், "அப்பா பேர்?" என்றார். நான் அவரைப் பார்த்தேன். மருதாளும் அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"க..." என்று தொடங்கினார். நின்றது. மறுபடி, "க... க..." நெற்றி நரம்பு புடைத்தது. ஹெட்மாஸ்டர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு வரை வந்துவிட்டது. மருதாள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

"கந்தவேல்," என்றார்.