சென்டர் ஹாஃபை விட்டுக்கொடுத்த ஞாயிறு

அண்ணை,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் மகளின் புதுக் கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலாக அந்த வாசனை வந்தது. உடுப்புக் காயப்போடப் போன நான் ஈரச் சட்டையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். ஹோம்புஷில் உங்கள் ஃபிளாட்டின் பால்கனி நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் உங்கள் ஹாக்கி மட்டைக்கு எண்ணெய் போட்டுவிட்டு, என் மட்டையையும் வாங்கித் துடைப்பீர்கள். "குடு தம்பி, நீ போட்டா பாதி எண்ணெய் தரைக்குத்தான் போகும்" என்பீர்கள்.

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அந்த ஜூன் மாதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்ததால் தள்ளிப்போட்டேன்.

நாம் சந்தித்தது ரயிலில். எழுபதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஓர் அரசாங்க அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரையும் வேலை. அம்மாவின் கடிதத்தை ரயிலில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த நீங்கள் கூச்சமே இல்லாமல் எட்டிப் பார்த்து, "ஊர்லேருந்து லெட்டரா?" என்று கேட்டீர்கள். மூன்று மாதத்தில் சிட்னியில் என் காதில் விழுந்த முதல் தமிழ் அது. நீங்கள் கோவில்பட்டிக்காரர் என்பதும், அங்கே மில் அணிக்கு ஹாக்கி ஆடியவர் என்பதும், இங்கே ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ஃபோர்மன் என்பதும் அடுத்த மூன்று ஸ்டேஷனுக்குள் தெரிந்துவிட்டது.

"ஹாக்கி ஆடுவியா?"

"பள்ளிக்கூடத்தில விளையாடினனான். பெரிசா ஒண்டும் இல்லை."

"போதும். சனிக்கிழமை வந்துரு."

மேற்குப் புறநகரில் ஒரு சின்னக் கிளப். அதன் இரண்டாம் தர அணிக்கு நீங்கள்தான் பயிற்சியாளர். நடுக்களத்தில் நின்று ஆடும் சென்டர் ஹாஃபும் நீங்கள்தான். என்னை இடது ஹாஃபில் போட்டீர்கள். அந்த இடத்துக்கு என்னைவிட நன்றாக ஆடக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் உங்கள் பழைய காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போவீர்கள். உங்கள் மனைவி, எனக்கு அக்கா, சோறு போடுவார். எனக்கு அந்த நகரத்தில் வேறு வீடு இருக்கவில்லை. அடுத்த வருஷம், ஆங்கிலம் நன்றாக எழுதுவான் என்று சொல்லி, என்னைக் கிளப்பின் செயலாளராக்கியதும் நீங்கள்தான்.

அந்த இரண்டாவது பருவம்தான் எல்லாம் குலைந்தது. எட்டு ஆட்டத்தில் ஆறில் தோல்வி, இரண்டு சமன். குளிர்கால மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. நீங்களோ பந்தைச் சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டிக் கொண்டுபோகச் சொன்னீர்கள். கோவில்பட்டியின் காய்ந்த மண்ணில் அது எப்படி ஓடியிருக்கும் என்று எனக்குக் கற்பனை செய்ய முடியும். இங்கே பந்து மூன்றாவது தட்டில் சேற்றுக்குள் நின்றுவிடும். எதிரணிக்காரன் வந்து ஓங்கி ஒரே அடி. நம்முடைய கோல் கீப்பர் விரல் உடைந்து போனபின், முன்வரிசையில் ஆடுகிறவனையே கோலுக்குள் நிறுத்தினோம். உங்களுக்கு முப்பத்தெட்டு வயது. வலது முழங்கால் திரும்ப மறுத்தது. யார் சொன்னாலும் நீங்கள் முறையை மாற்றவில்லை. "ஹாக்கின்னா இதுதான் தம்பி. மத்ததெல்லாம் விறகு பொளக்கிறது."

உடுப்பு மாற்றும் அறையில் பையன்கள் உங்களைப் போல் நடித்துக் காட்டத் தொடங்கினார்கள். குனிந்து, தலையை ஆட்டி, மட்டையால் தரையைத் தட்டித் தட்டிப் போவார்கள். ஒருநாள் நீங்கள் வெளியே காரில் எனக்காகக் காத்திருந்தபோது உள்ளே அது நடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அண்ணை. பிறகு வந்து உங்கள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "என்னடே, உள்ள ஒரே சிரிப்பா இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். "சும்மா பகிடி" என்றேன்.

ஜூன் கடைசியில் பக்கத்துக் கிளப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது. அவர்களிடம் இரண்டு கோல் கீப்பர்கள் இருந்தார்கள். அனுபவமுள்ள ஒரு சென்டர் ஹாஃப் இல்லை. டெரி என்ற இளைஞனை நமக்குத் தருவார்கள், பதிலுக்கு உங்களைக் கேட்டார்கள். நீங்கள் போனால் பயிற்சியாளர் இடமும் காலியாகும். பீட் என்ற டச்சுத் தச்சர் அப்போதுதான் அந்தப் பக்கம் குடிவந்திருந்தார். ஹாலந்தில் பயிற்சி கொடுத்தவர். உடனே வரத் தயார் என்றார்.

கிளப் தலைவர் ரான் பேக்கரி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, கடையின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவில் கமிட்டி கூடியது. ஐந்து பேர். ஒன்றரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, மாற்றலாம் என்று இருவர், வேண்டாம் என்று இருவர். வேண்டாம் என்றவர்களில் ரானும் ஒருவர். அது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அவர்தான் உங்களை அனுப்பினார் என்று நினைத்து அந்த மனிதனோடு பிறகு நீங்கள் முகம் கொடுத்தே பேசவில்லை.

ரான் என்னைப் பார்த்து, "உனக்குத்தான் அவரை நன்றாகத் தெரியும். நீ சொல்" என்றார்.

மாற்றலாம் என்றேன்.

அணிக்காகச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. 'அந்த இரண்டு இந்தியர்கள்' என்றுதான் நம்மைச் சொல்வார்கள். நான் இலங்கையன் என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கில்லை. உங்களால்தான் எனக்கு அணியில் இடம் என்று பேசினார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவனாக இருக்க எனக்கு அலுத்துவிட்டது. என் வாயால் உங்களை அனுப்பினால் நான் அவர்களில் ஒருவனாகிவிடுவேன் என்று அந்த அறையில் எனக்குத் தோன்றியது.

நடுப்பருவத்தில் கிளப் மாற, ஆட்டக்காரரும் கையெழுத்துப் போட்ட விடுவிப்புக் கடிதம் வேண்டும். செயலாளர் என்பதால் அதை நானே தட்டச்சுச் செய்து, அன்று மத்தியானமே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் கதவைத் திறந்தபடியே, வாசலில் நின்று படித்தீர்கள். இரண்டு தடவை படித்தீர்கள்.

"யார் யாருடா சொன்னது?"

"ஆர் எவரெண்டு சொல்லக்கூடாதாம், அண்ணை." பிறகு, நீங்கள் கேட்காமலே, "நான் உங்களுக்காகக் கதைச்சனான். ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன்.

நீங்கள் கடிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். பேனா சரியாக எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டீர்கள். "நீ ஒருத்தனாவது பேசுனியே. அது போதும்" என்றீர்கள். உள்ளே திரும்பி, "இவன் சாப்பிட்டுத்தான் போவான்" என்று அக்காவிடம் சொன்னீர்கள். மீன் குழம்பு. எனக்கு நடுத்துண்டை எடுத்து வைத்தீர்கள். நான் சாப்பிட்டேன், அண்ணை. இரண்டாம் முறை சோறும் வாங்கினேன்.

அதன்பிறகு அணி எழுந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு மறைப்பு. பீட் முதல் நாளே பந்தைச் சேற்றுக்கு மேலாக நீளமாக அடிக்கச் சொன்னார். ஓரங்களில் வேகமான இருவரை நிறுத்தினார். என்னை இரண்டு ஆட்டம் வெளியே உட்காரவைத்து, பிறகு பின்வரிசையில் போட்டார். அதுதான் எனக்கு ஏற்ற இடம் என்பது ஆடும்போதுதான் தெரிந்தது. டெரி, பால் வண்டி ஓட்டுகிறவன், பெரிய உடம்பு, கோலுக்குள் நின்றால் வெளிச்சமே தெரியாது. முதல் ஆட்டம் சமன். அடுத்தது வெற்றி. தோற்ற பிறகு தலை கவிழ்ந்து வீட்டுக்கு ஓடிய பையன்கள், ஆட்டம் முடிந்தும் போகாமல் நின்று கதை பேசினார்கள். மூன்றாம் வெற்றி அன்று ரான் ஒரு தட்டு நிறைய இறைச்சிப் பேஸ்ட்ரி கொண்டுவந்தார். பையன்களோடு சேர்ந்து நானும் பாட்டுப் பாடினேன். உங்களைப் போல் நடித்துக் காட்ட இப்போது யாருக்கும் தேவை இருக்கவில்லை.

பருவத்தின் கடைசிக்கு முந்தைய சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில், உங்கள் புதிய கிளப்போடு ஆட்டம். வென்றால் இரண்டாம் தரத்தில் தங்குவோம். தோற்றால் கீழே இறங்குவோம். நீங்கள் அவர்களுக்கு நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் மைதானம் மேட்டுநிலம், தண்ணீர் தங்காது. உங்கள் தட்டல் அங்கே எடுபட்டது. வியாழக்கிழமைப் பயிற்சியில் பீட் என்னைத் தனியே கூப்பிட்டார். "உன் நண்பரை எப்படி நிறுத்துவது?"

கமிட்டியில் ஒரு முறை உங்களை நிறுத்தியதோடு என் வேலை முடிந்திருக்கலாம். "அவருடைய வலது முழங்கால் திரும்பாது. பந்தை அந்தப் பக்கமாகவே ஓட்டுங்கள்" என்றேன்.

ஓட்டினார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் திரும்பத் திரும்ப உங்கள் வலதுபக்கமாகவே பாய்ந்தான். நான் பின்வரிசையிலிருந்து முழுவதையும் பார்த்தேன். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ நீங்கள் திரும்ப முயன்று விழுந்தீர்கள். எழுந்து, சேற்றைத் துடைத்துவிட்டு மறுபடி நின்றீர்கள். மறுபடி விழுந்தீர்கள். இடைவேளைக்குப் பிறகு நீங்கள் இறங்கவில்லை. இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றோம்.

ஆட்டம் முடிந்ததும் நொண்டிக்கொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். "நல்லா ஆடுனீங்கடே. உங்க புது ஆளு கெட்டிக்காரன். எம் முட்டிய ஒரே ஆட்டத்துல கண்டுபிடிச்சுட்டான் பாத்தியா" என்று சிரித்தீர்கள். அதன் பிறகு நீங்கள் மட்டையைத் தொடவில்லை.

பிறகு வந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள்தான். எனக்குக் கல்யாணமானபோது மாப்பிள்ளைத் தோழனாக நீங்கள் நின்றீர்கள். கிரவீனில் வீடு வாங்கினீர்கள். உங்கள் மகனும் என் மகளும் ஒரே பள்ளிக்கூடம். யாராவது ஹாக்கி என்று பேச்செடுத்தால் போதும், அந்தக் கதையைத் தொடங்கிவிடுவீர்கள். "கமிட்டியில அஞ்சு பேரு. எனக்காகப் பேசுனது இவன் ஒருத்தன்தான்." உங்கள் அறுபதாம் கல்யாணத்தன்று, மேய்ஸ் ஹில் கோயில் மண்டபத்தில், மைக்கைப் பிடித்து அதையே சொன்னீர்கள். சனம் கைதட்டியது. என் மனைவி என் தோளில் தட்டினாள். அவளிடமும் நான் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் சொல்ல வந்தேன். அக்கா கன்டீனுக்குப் போயிருந்தார். "அண்ணை, அந்தக் கமிட்டிக் கூட்டத்தில..." என்று தொடங்கினேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடிப் பிடித்தீர்கள். "அத விடு தம்பி. நீ பேசுனது எனக்கு மறக்காது" என்றீர்கள். நான் விட்டேன்.

இறுதிச் சடங்கில் உங்கள் மகன் ஆங்கிலத்தில் பேசினான். அதே கதையைச் சொல்லி, "அங்கிள், நீங்களும் ரெண்டு வார்த்தை" என்று என்னைக் கூப்பிட்டான். நான் எழுந்துபோய் உங்கள் காரைப் பற்றியும் மீன் குழம்பைப் பற்றியும் பேசினேன்.

ஒரு மாதம் பொறுத்து அவன் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் எதிரெதிரே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்ததை, கமிட்டியில் ஓட்டுப் போட்டதை, வாசலில் சொன்ன பொய்யை, முழங்காலைக் காட்டிக்கொடுத்ததை. குறுக்கே பேசாமல் கேட்டான். தேநீர் ஆறிப்போயிற்று. பிறகு, "இத ஏன் அங்கிள் எங்கிட்ட சொல்றீங்க?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "அப்பாகிட்ட சொல்லியிருக்கணும். இப்ப நான் இத வச்சு என்ன பண்றது?"

வாசல்வரை வந்து வழியனுப்பினான். அது நீங்கள் வளர்த்த வளர்ப்பு. கோயிலில் பார்த்தால் இன்னும் மரியாதையாகத் தலையசைக்கிறான். அந்தக் கதையை மட்டும் இனி அவன் தன் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டான். உங்களுக்கு ஆறுதலாக இருந்த ஒன்றை, என் மனப்பாரம் குறைய வேண்டும் என்பதற்காக, உங்கள் வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன்.

அந்த ஓட்டு சரி என்றுதான், அண்ணை, இன்றைக்கும் நினைக்கிறேன். கீப்பர் வேண்டியிருந்தது. புதுப் பயிற்சியாளர் வேண்டியிருந்தது. உங்கள் ஆட்டத்துக்குக் காய்ந்த மைதானம் வேண்டியிருந்தது. அதை வாசலில் வைத்தே உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நீங்கள் கத்தியிருப்பீர்கள். சோறு போடாமல் அனுப்பியிருப்பீர்கள். ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பீர்கள். பிறகு ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை நீங்களே வந்து கதவைத் தட்டியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். அதன்பிறகு நீங்கள் காட்டிய அன்பெல்லாம் எனக்கு வந்ததாக இருந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. கமிட்டியில் உங்களுக்காகப் பேசிய ஒருவனை நீங்கள் முப்பது வருஷத்துக்கு மேலாக நேசித்தீர்கள். அப்படி ஒருவனாக நான் அந்த அறையில் இருக்கவே இல்லை. அவனுக்கு வந்த அன்பைத்தான் நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.