இரண்டு பொட்டலம், நூற்றைம்பது குஞ்சு

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். நாட்டுக்கோழிக் குஞ்சு நூற்றைம்பது, வயது பன்னிரண்டு நாள். எச்சம் தண்ணீராக. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. பாதிதான் மிஞ்சியது.

இவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "இந்த வாட்டியும் போச்சுன்னா மறுபடி லைனுக்கே போயிடு செல்வி. உன் சூப்பர்வைசர் இன்னும் கேட்டுகினுதான் கீறாரு."

ஒரகடம் கம்பெனி லைனில் ஆறு வருடம் கியூசி, பிரேக் பாகம் சோதிக்கிற வேலை. போதும்.

ஜூலை 9, புதன்

எச்சத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் பஸ். பக்கத்து சீட்டுக்காரி, "இன்னாக்கா, கொழம்பா?" ஆமாம் என்றேன்.

கால்நடை டாக்டர் பார்த்தார். ரத்தக் கழிச்சல் இல்லை, குடல்தான் சரியில்லையாம். "புரோபயாடிக் குடும்மா. நல்ல கிருமி, உயிருள்ள சாமான். இன்ன கிருமி, ஒரு கிராம்ல எவ்ளோ உயிரோட இருக்கு, எப்போ காலாவதி, மூணும் அட்டையில இருக்கணும்."

கடையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் பெரிய சேவல் படம். கிருமி பெயரே இல்லை, வெயில் விழும் அலமாரியில் கிடந்தது. மற்றதில் படமில்லை. மூன்றும் இருந்தன.

"சேவல் படம்தான்கா எல்லாரும் வாங்கினு போறாங்க" என்றார் கடைக்காரர். படமில்லாததையே வாங்கினேன்.

ஜூலை 10, வியாழன்

கம்பெனிப் புத்தி போகவில்லை. நடுவில் வலை கட்டிக் குஞ்சுகளைப் பிரித்தேன். இடப்பக்கம் பொடி கலந்த தண்ணீர். வலப்பக்கம் வெறும் தண்ணீர்.

"கோழிக்கும் கியூசியா?" இவருக்குச் சிரிப்பு.

"ஆமா. பொடி தேறலன்னா ரிஜக்ட்."

ஜூலை 13, ஞாயிறு

இரண்டு பக்கமும் அதே தண்ணீர் எச்சம். இரண்டு குஞ்சு செத்தன, இரண்டும் பொடி குடித்த பக்கம். அழுகை. சாம்பார் அடிப்பிடித்தது.

அட்டையை மறுபடி படித்தேன். அடியில் எறும்பு எழுத்தில்: குளோரின் கலந்த நீரில் போடக் கூடாது. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறவளே நான்தானே!

டாக்டருக்கு போன். "நல்ல கிருமியயும் நீயே கொன்னுட்டியேம்மா!" திட்டவில்லை, சிரித்தார்.

சாப்பிட்ட கையோடு இவர் பைக்கை எடுத்தார். இரண்டு குடம் போர்த் தண்ணீர், பக்கத்துக்கு ஒன்று. நான் கேட்கவே இல்லை.

ஜூலை 17, வியாழன்

தூறல். ஈர உமியை அள்ளிக் காய்ந்தது பரப்பினேன். ஷிப்ட் முடிந்து வந்தவர் யூனிபார்மோடு ஷெட்டில் குந்தினார்.

"செல்வி! ஓடியா! இந்தப் பக்கம் கெட்டியா போட்டுக்கினு கீது!"

பக்கத்து ரூமில் தங்கியிருக்கும் திருநெல்வேலித் தம்பி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, தங்க முட்டையா?"

"அதவிட மேல்!"

வலப்பக்கம் இன்னும் தண்ணீர்தான். ஆக, வேலை செய்தது பொடி. பாவம் அவை, நாளையிலிருந்து அவற்றுக்கும் பொடி.

ஜூலை 22, செவ்வாய்

வலையை அவிழ்த்தாயிற்று. இரண்டு பக்கமும் கலந்து ஓடுகின்றன. இரை வைத்தால் என் காலை மிதிக்கின்றன. அந்த இரண்டுக்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை.

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்தபடி, "அடுத்த வாட்டி எரநூறு வுட்லாமா?"

ரசம் எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து நின்று சிரித்தேன்.